கேஸ் கீசரின் புகைக்கு வழி

பரமத்தி வேலூரில் ஐம்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும், வீட்டில் வெந்நீர் அடுப்பு எங்கே இருந்தது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். வீட்டின் பின்புறப் பொடக்காளியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வானம் பார்க்க இருக்கும். மேலே கரி பிடித்த செப்பு அண்டா. கீழே தென்னை மட்டை, பாளை, தேங்காய்த் தொட்டி. காவிரிக்கரைத் தோப்புகள் இருக்கும்வரை இந்த ஊரில் வெந்நீருக்கு எரிப்பதற்குப் பஞ்சமில்லை. புகை கண்ணைக் கரித்தால் நாலடி தள்ளி நின்றுகொள்வோம். காற்று திரும்பினால் நாமும் இடம் மாறிக்கொள்வோம். இதற்கெல்லாம் வழிகாட்டி நூல் எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு பாத்ரூம் வீட்டுக்குள் வந்தது. விறகு போய் சிலிண்டர் வந்தது. சுவரில் மாட்டும் ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. குழாயைத் திறந்தால் 'டக்' என்று பற்றிக்கொள்ளும், மூடினால் அணைந்துவிடும். கரி இல்லை, சாம்பல் இல்லை. அதனால்தான் அது ஓர் அடுப்பு என்பதே நமக்கு மறந்துபோயிற்று. வாங்கும்போது கடையில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"ஏனுங்க, இதுக்குப் புகைக் குழாய் ஏதாச்சும் வேணுமுங்களா?"

"அதெல்லாம் வேண்டாமுங்கக்கா. கேஸுல ஏதுங்க புகை? பாத்ரூமுக்குள்ளயே மாட்டிக்கலாமுங்க."

இந்தப் பதிலில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. இந்த அத்தியாயம் முழுக்க அந்த இரண்டைப் பற்றித்தான். என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் கீசரை வெந்நீர் அடுப்பு இருந்த இடத்துக்கே, வெளிச்சுவருக்கே திருப்பி அனுப்புங்கள். இடமே இல்லை என்றால் மட்டும் உள்ளே வையுங்கள். அப்போது காற்று வர ஒரு வழியும் புகை போக இன்னொரு வழியும் தனித்தனியாக இருந்தே ஆக வேண்டும்.

கண்ணைக் கரிக்காத புகை

நாமக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு எல்பிஜியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தென்மண்டல எல்பிஜி டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கமே நாமக்கல்லில்தான் இருக்கிறது. நம் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் அந்த உருளை லாரிகளைப் பார்க்காத நாள் இல்லை. கேஸ் கசிந்தால் நாறும் என்பதும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த நாற்றம் கேஸின் சொந்த நாற்றம் இல்லை. கசிவு தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். நம் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. கேஸ் எரிந்துவிட்டால் அந்த நாற்றமும் சேர்ந்து எரிந்துவிடும். எரிந்த பின் வருவதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண்ணையும் கரிக்காது. "வாசம் வந்தா தெரிஞ்சுடுமுல்ல" என்பவர் கசிவையும் புகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்.

ஒரு கிலோ எல்பிஜி நன்றாக எரிந்தால் சுமார் மூன்று கிலோ கரியமில வாயுவும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவியும் வரும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். இதுதான் ஆளைக் கொல்வது. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் இடம் பிடித்தவர் இறங்காமல் உட்கார்ந்திருப்பது மாதிரி, பிராணவாயுவுக்கு ஏற இடம் கிடைக்காது. மூச்சு வந்துபோய்க்கொண்டிருக்கும், மூளைக்கு மட்டும் ஒன்றும் போய்ச்சேராது.

அளவைச் சொன்னால்தான் விளங்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் 400 பங்கு மோனாக்சைடு இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் தலைவலி வரும். 1,600 பங்கு இருந்தால் இருபது நிமிடத்தில் தலை சுற்றும், குமட்டும். 6,400 பங்கு என்றால் ஓரிரு நிமிடத்தில் தலைசுற்றல், இருபது நிமிடத்துக்குள் மரணம். கடைசிக் கணக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே இருப்பதைக் கவனியுங்கள்.

ஐந்துக்கு ஆறு பாத்ரூமின் கணக்கு

கடையில் அதிகம் விற்பது நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கீசர். தண்ணீரின் வெப்பத்தை 25 டிகிரி கூட்டி அந்த வேகத்தில் தர, மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ கேஸை அது எரிக்கிறது. சமையல் அடுப்பின் பெரிய பர்னரோடு ஒப்பிட்டால் ஐந்தாறு மடங்கு. ஐந்தாறு பர்னரை முழுத் தீயில் ஏற்றிவிட்டு, சமையலறையின் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு உள்ளே நிற்க யாராவது சம்மதிப்பார்களா? பாத்ரூமில் அதைத்தான் செய்கிறோம்.

ஒரு கிலோ எல்பிஜி எரிய ஏறத்தாழ 13 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடி அகலம், ஆறடி நீளம், எட்டடி உயரம் உள்ள பாத்ரூமில் மொத்தமே 7 கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான காற்றுதான் இருக்கிறது. பதினைந்து நிமிடம் கீசர் எரிந்தால் கால் கிலோ கேஸ் போகும். அது அந்த அறைக் காற்றில் பாதியைக் கேட்கும். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. சாதாரணக் காற்றில் 21 சதவீதம் பிராணவாயு இருக்கிறது. அது 18-க்கு இறங்கும்போதே தீ தடுமாறி மோனாக்சைடு ஏறத் தொடங்கும். காற்று புகாமல் அடைத்த அறையில் அதற்கு ஐந்து நிமிடம் போதும். ஒருவர் இரண்டு பக்கெட் வெந்நீர் பிடிக்கிற நேரம்தான் இது. கதவுக்கு அடியில் இருக்கும் இடுக்கால் கொஞ்சம் தாமதமாகும். ஆனால் மார்கழியில் 'ஊதக்காத்து வருது' என்று அந்த இடுக்கில் சாக்கைச் சுருட்டி வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

பல கீசர்களில் இருபது நிமிடத்தில் தானே அணையும் வசதி இருக்கிறது. விற்பவர்கள் அதைப் பெரிய பாதுகாப்பாகச் சொல்வார்கள். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள்: இருபது நிமிடம் கழித்து அணைவது கேஸைத்தான் மிச்சப்படுத்தும். பிராணவாயு குறைந்தால் அணையும் சென்சார் உள்ள மாடல்கள் உண்டு. அதற்குக் கூடுதலாகக் காசு கொடுக்கலாம். வாங்கும்போது ஐ.எஸ். 15558 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எல்பிஜியில் இயங்கும் சிறு வீட்டு வாட்டர் ஹீட்டருக்கான இந்தியத் தர நிர்ணயம் அது. ஆனால் எந்த முத்திரையும் எந்த சென்சாரும் அடைத்த பாத்ரூமைத் திறந்த வெளியாக்கிவிடாது.

2023 மார்ச் 8, ஹோலி நாள். மும்பை காட்கோபரில் ஒரு தம்பதி பாத்ரூமில் இறந்து கிடந்தார்கள். அதே நாளில் காஜியாபாத் அருகே முராத்நகரில் இன்னொரு தம்பதி. இரண்டு இடத்திலும் சந்தேகம் விழுந்தது கேஸ் கீசர் மீது. ஹோலிச் சாயத்தைத் தேய்த்துக் கழுவ நேரம் பிடிக்கும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். நமக்கு ஹோலி இல்லை. எண்ணெய்க் குளியல் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வெல்ல ஆலைக்காரருக்குத் தெரிந்தது

புகை எப்படிப் போகும் என்பதைப் பாடப்புத்தகத்தில் தேட வேண்டாம். ஜேடர்பாளையம், கபிலர்மலை, பிலிக்கல்பாளையம் பக்கம் ஏதாவது ஒரு வெல்ல ஆலைக்குப் போய்ப் பாருங்கள். கரும்புப் பால் கொதிக்கும் கொப்பரைக்குக் கீழே காய்ந்த சக்கையைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். தீ முன்பக்க வாயிலிருந்து உள்ளே இழுபட்டு, கொப்பரையின் அடியை நக்கி, பின்பக்கப் புகைக்கூண்டு வழியே ஏறிவிடும். அடுப்பு எரிப்பவரிடம் கேட்டால் இரண்டே வரியில் முடிப்பார்: "வாயி அடைச்சா தீ சாகுமுங்க. கூண்டு அடைச்சா தீ ஆள் மேல வருமுங்க."

இவ்வளவுதான் இதிலுள்ள அறிவியல். சூடான காற்று லேசானது, ஏறும். ஏறுகிற உயரம் கூடக்கூட இழுப்பு கூடும். மேலே எவ்வளவு போகிறதோ, அவ்வளவு புதுக்காற்று கீழே வந்தாக வேண்டும். கீசரிலும் தீக்கு வாய் ஒன்று, கூண்டு ஒன்று. வாயை மறந்தவர்கள் பாத்ரூமை அடைக்கிறார்கள். கூண்டை மறந்தவர்கள் குழாயே இல்லாமல் மாட்டுகிறார்கள். இரண்டையும் மறப்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம்.

கடையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, புகைக் குழாயே இல்லாதது. விலை குறைவு என்பதால் அதிகம் விற்பது இதுதான்; எரிந்தது எல்லாம் பெட்டியின் தலையிலுள்ள துவாரம் வழியே அந்த அறைக்குள்ளேயே வரும். இரண்டாவது, தலையில் குழாய் பொருத்தி வெளியே விடுவது. சிலவற்றில் புகை தானாக ஏறும், சிலவற்றில் சிறு ஃபேன் தள்ளிவிடும். மூன்றாவது, குழாய்க்குள் குழாய் வைத்தது. உள்குழாயில் புகை போகும், வெளிக்குழாயில் புதுக்காற்று வரும். அறைக் காற்றை அது தொடுவதே இல்லை. பிரிட்டனில் 1998-இன் கேஸ் பாதுகாப்பு விதிகளின்படி பாத்ரூமுக்குள் புதிதாக மாட்ட இந்த மூன்றாவது வகைக்கு மட்டுமே அனுமதி. அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டுகிறது. நமக்கு மார்கழியிலும் பொடக்காளியில் நின்று குளிக்க முடியும். அவர்களே மறுப்பதை நாம் ஏன் பாத்ரூமுக்குள் வைத்திருக்கிறோம் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வெளிச்சுவரில் மாட்டுவது

குழாய் இல்லாத கீசர் வாங்கியிருந்தால், அல்லது ஏற்கனவே உள்ளே மாட்டியிருந்தால், இதைத்தான் செய்ய வேண்டும். பாத்ரூமின் வெளிப்பக்கச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, மழை நேராக அடிக்காத இடத்தில் மாட்டுங்கள். வேலை பெரிதில்லை: சுவரில் ஒரு துளை, கொஞ்சம் சிபிவிசி பைப், பிளம்பருக்கு அரை நாள்.

"பைப் நீளமானா சூடு போயிருமுங்க" என்று பிளம்பர் சொல்வார். பத்தடி நீள முக்கால் இஞ்ச் பைப்பில் தேங்கி நிற்கும் தண்ணீர் ஒரு லிட்டர்கூட வராது. ஒரு சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டால் வெந்நீர் வந்துவிடும்.

மேற்குச் சுவரையும் தென்மேற்குச் சுவரையும் முடிந்தவரை தவிருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக் காற்று நம் பக்கத்தையும் விடுவதில்லை. அந்தக் காற்று தீயை அணைக்கும், சில சமயம் புகையைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி அடிக்கும். வேறு வழியில்லை என்றால் பக்கவாட்டில் ஒரு தட்டி வையுங்கள். மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தகரம் அடித்துப் பெட்டியாக்காதீர்கள்; அப்படிச் செய்தால் வெளியே வைத்த கீசரை மறுபடி அறைக்குள் வைத்தது போலத்தான்.

வெளியே வைத்தாலும் ஜன்னலுக்குக் கீழே வேண்டாம். ஏறுகிற புகை ஜன்னல் வழியே படுக்கையறைக்குள் போகும். ஃபேன் வைத்துப் புகையைத் தள்ளும் ஹீட்டருக்கு, ஜன்னல், கதவு, வென்டிலேட்டரிலிருந்து பக்கவாட்டிலும் கீழேயும் 4 அடி விடுவது அமெரிக்க விதி. நாமும் அதையே வைத்துக்கொள்ளலாம். பரமத்தி வேலூரின் பழைய தெருக்களில் இது சிரமம்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இரண்டடிச் சந்துதான் இருக்கும். அதற்கு நேர் எதிரில் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல். அந்தச் சந்தில் கீசரை மாட்டாதீர்கள், குழாயையும் நீட்டாதீர்கள். வாய்க்காலுக்கும் வரப்புக்கும் ஆகாமல் போன பங்காளிகள் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறார்கள். மொட்டை மாடியில் டேங்குக்குப் பக்கத்தில் வைப்பது அப்படிப்பட்ட வீடுகளுக்கு நல்ல யோசனை. ஆனால் டேங்க் உயரம் குறைந்தால் தண்ணீரின் அழுத்தம் போதாமல் கீசர் பற்றாது. அதை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டர் தனியாக, தரையில், நிமிர்ந்து, கீசருக்கு நேர் கீழே வராமல் இருக்கட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே சம்ப்புக்கும் சாக்கடைக் குழிக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். எண்ணெய் நிறுவனங்கள் தரும் சுரக்ஷா ஹோஸுக்கு ஆயுள் ஐந்து வருடம். தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும்.

உள்ளேதான் என்றால்: இரண்டு செங்கல், ஒரு குழாய்

இடமே இல்லாத வீட்டுக்கு இந்தப் பகுதி. இது குழாய் வைத்த வகைக்கு மட்டும். குழாய் இல்லாத கீசரைக் குளிக்கிற அறைக்குள் வைக்க நான் எந்த வழியும் சொல்லப்போவதில்லை.

காற்று வர: வெளிச்சுவரில் தரைக்கு அரையடி மேலே ஒரு செங்கல், கூரைக்கு அரையடி கீழே ஒரு செங்கல் எடுத்துவிடுங்கள். ஒன்பதுக்கு மூன்று இஞ்ச் ஓட்டை. இந்த அளவுக் கீசருக்கு ஒவ்வொரு ஓட்டையும் வெளிக்காற்றைத் தொட்டபடி குறைந்தது 10 சதுர இஞ்ச் வேண்டும். கொசுவலை பாதியை அடைத்துக்கொண்டாலும் செங்கல் அளவு போதும். கீழ் ஓட்டை கசிந்த கேஸும் வெளியேற உதவும். பிளாஸ்டிக் பையைத் திணித்து அடைப்பதற்கு வீட்டுக்கு ஒருவர் இருப்பார், பெரும்பாலும் குளிருக்குப் பயந்த பெரியவர். அவருக்குக் காரணத்தைச் சொல்லிவையுங்கள்.

புகை போக: துருப்பிடிக்காத ஸ்டீல் குழாய் அல்லது கெட்டியான ஜி.ஐ. குழாய். பிவிசி கூடவே கூடாது. புகை நூறு டிகிரிக்கு மேல் சூடாக வரும். பிவிசி இளகித் தொங்கி, இணைப்பு பிரிந்துவிடும். ஹீட்டரின் தலைவாய் எந்த அளவோ, குழாய் கடைசிவரை அதே அளவு. "நாலு இஞ்ச் கிடைக்கலைங்க, மூணு போட்டுட்டனுங்க" என்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

புகை தானாக ஏறும் வகையில், முதல் எல்போவுக்கு முன் குறைந்தது இரண்டடி நேராக மேலே ஏறட்டும். கிடைமட்டமாகப் போக வேண்டிய இடத்திலும் வெளிப்பக்கம் நோக்கி மெல்ல ஏற்றமாக, அடிக்குக் கால் இஞ்ச் வீதம் போகட்டும். இரண்டு எல்போவுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு திருப்பமும் இழுப்பைத் தின்னும். மொட்டை மாடியில் முடியும் குழாய் கைப்பிடிச் சுவரைவிட உயர நிற்க வேண்டும். மூன்றடிச் சுவருக்குப் பின்னால் இரண்டடிக் குழாய் நின்றால், சுவரைத் தாண்டிச் சுழன்று இறங்கும் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளிவிடும். முனையில் மழைத் தொப்பியும் கம்பி வலையும் வேண்டும். ஒரு கோடை முழுவதும் சும்மா கிடக்கும் குழாய்க்குள் குளவி கூடு கட்டும், மைனா வைக்கோல் அடைக்கும்.

ஃபேன் வைத்த வகையின் இலக்கணம் இதற்கு நேர் மாறு: குழாய் வெளிப்பக்கம் நோக்கி மெல்லச் சரிவாக இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீரும் நீராவித் தண்ணீரும் பெட்டிக்குள் வரும். கரண்ட் போனால் இந்த வகை பற்றாது. அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். "சேஃப்டியை பைபாஸ் பண்ணித் தரட்டுமுங்களா?" என்று கேட்கும் மெக்கானிக்குக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஜப்பானில் பலோமா என்ற நிறுவனத்தின் ஹீட்டர்களில், ஃபேன் சுற்றாவிட்டாலும் தீ எரியும்படி பழுது பார்ப்பவர்கள் ஒயரை மாற்றிப் போட்டிருந்தது 2006-இல் வெளியே வந்தது. இருபது ஆண்டுகளில் 21 பேர் செத்திருந்தார்கள். தொழில்நுட்பத்தில் நம்மைவிட முந்திய நாட்டில்தான் இது நடந்தது.

இணைப்புகள் மீது எனக்குத் தனிப் பயம் உண்டு. 2018 டிசம்பர் 18 அன்று தென் கொரியாவின் கங்னுங் நகரில், கல்லூரி நுழைவுத் தேர்வு முடித்து விடுதியில் தங்கியிருந்த பத்து மாணவர்கள் மயங்கிக் கிடந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். விடுதியின் கேஸ் பாய்லரில் புகைக் குழாய் பாய்லரை விட்டுக் கழன்றிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் குழாய் சுவர் வழியே நீட்டிக்கொண்டு ஒழுங்காகத்தான் தெரிந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு இணைப்பிலும் ஸ்க்ரூவோ கிளாம்ப்போ, அதன் மேல் சூடு தாங்கும் சீலண்ட். மூன்றடிக்கு ஒரு முறை குழாயைச் சுவரோடு பிடித்துக் கட்டுங்கள். துணி காயப்போடும் கொடிக்கு அது தூண் ஆகிவிடக்கூடாது.

எக்ஸாஸ்ட் ஃபேன் என்னும் எதிரி

இதைப் பலர் நம்ப மறுக்கிறார்கள். "ஃபேன் போட்டிருக்கோமுங்க, அப்புறம் என்னங்க?" ஃபேன் அறைக் காற்றை வெளியே இழுக்கிறது. இழுத்த அளவுக்குப் புதுக்காற்று எங்கிருந்தாவது வர வேண்டும். கதவு சாத்தியிருக்கிறது, செங்கல் ஓட்டையில் பிளாஸ்டிக் பை இருக்கிறது. மிச்சமிருக்கும் ஒரே வழி புகைக் குழாய். மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கி வரும். சமையலறையில் மாட்டும் எலக்ட்ரிக் சிம்னிகள் மணிக்கு 1,000 கன மீட்டர் இழுக்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒரே காற்றைப் பங்கிடும் சிறிய வீட்டில் அதுவும் இதே வேலையைப் பார்க்கும்.

சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனையும் சமையலறைச் சிம்னியையும் ஓடவிட்டு, கீசரை ஐந்து நிமிடம் எரியவிடுங்கள். அந்த நேரம் நீங்கள் வெளியே நில்லுங்கள். பிறகு ஒருவர் கதவருகே காவல் நிற்க, இன்னொருவர் உள்ளே போய்க் கீசரின் தலையில் குழாய் தொடங்கும் இடைவெளிக்குப் பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடிக்கட்டும். புகை உள்ளே இழுபட்டால் சரி. நம் பக்கம் திரும்பி அடித்தால் உடனே அணைத்துவிட்டு வெளியே வாருங்கள்; குழாய் சரியாகும்வரை அந்தக் கீசரைத் தொட வேண்டாம்.

தீயின் நிறத்தையும் பாருங்கள். நீலமாக, விறைப்பாக நிற்க வேண்டும். மஞ்சளாக நெளிந்தால் காற்று போதவில்லை அல்லது உள்ளே கரி அடைத்திருக்கிறது. நம் போர்த் தண்ணீரின் உப்பு கீசருக்குள் படிந்து சூட்டை வாங்கவிடாமல் செய்யும். அது ஒரு பக்கம். செப்புத் தகடுகளின் இடுக்கில் சேரும் கரி புகையின் வழியையே மறிக்கும். உயிருக்கு ஆபத்தானது இந்தக் கரிதான். வருடத்துக்கு ஒரு முறை, ஐப்பசி பிறக்கும் முன், கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

தீபாவளியும் பிள்ளை பெற்ற வீடும்

ஒரு வீட்டில் கேஸ் கீசர் மிக அதிக நேரம் எரியும் நாள் தீபாவளி. விடியும் முன், குளிரில், ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம். ஒருவர் விட்டுப்போன கெட்ட காற்றில் அடுத்தவர் நுழைகிறார். கடைசியாகக் குளிப்பவர் பெரும்பாலும் எல்லோருக்கும் சீயக்காய் தேய்த்துவிட்ட அம்மா. அவர் ஏற்கனவே அரை மணி நேரம் அந்த அறைக்குள் நின்றிருக்கிறார்.

பிள்ளை பெற்ற வீடு இதைவிடக் கவலைக்குரியது. 'காத்துப் படக்கூடாது' என்று ஓர் இடுக்கு விடாமல் அடைத்து, பச்சை உடம்புக்காரிக்கும் சிசுவுக்கும் சுடச்சுடத் தண்ணீர் ஊற்றுவது நம் வழக்கம். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவின் ரத்தம் மோனாக்சைடைத் தாயின் ரத்தத்தைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பெரியம்மாக்களிடம் நான் வாதாடுவதில்லை. வழக்கத்தை விடச் சொல்வதுமில்லை. வெந்நீரை முதலிலேயே பாத்திரத்தில் பிடித்துவைத்து, கீசரை அணைத்து, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டு, பிறகு சாத்திக்கொண்டு ஊற்றுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கீசர் உள்ளே இருக்கும் எல்லா வீட்டுக்கும், வெளியே மாற்றும்வரை, இதுதான் தற்காலிக வழி: திறந்த கதவோடு பிடி, அணை, பிறகு குளி.

கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று கைக்கடக்கமான கருவி கிடைக்கிறது. வாங்கி வைப்பது நல்லது. ஆனால் கேஸ் கசிவைச் சொல்லும் அலாரம் வேறு, இது வேறு; ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. குளியலறை நீராவியில் மாட்டாமல் கதவுக்கு வெளியே, தலை உயரத்தில் மாட்டுங்கள். அதன் சென்சாருக்கும் ஆயுள் உண்டு, தேதி பின்புறம் இருக்கும்.

உள்ளே சத்தம் நின்றுவிட்டால்

தண்ணீர் ஓடுகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. முதலில் சிலிண்டரை மூடுங்கள். கதவைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், ஆளை வெளியே திறந்த காற்றுக்கு இழுத்து வாருங்கள். உள்ளேயே வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் இரண்டாவது ஆளும் விழுவார். மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சை அழுத்தத் தொடங்கி, 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். கசிவு நாற்றம் இருந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து எல்பிஜி அவசர எண்ணான 1906-க்குச் சொல்லலாம்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை 'கேஸ் கீசர்'. பாத்ரூமில் மயக்கம், வலிப்பு என்று போனால் காக்காய் வலிப்பு என்று மருந்து தொடங்கிவிட வாய்ப்பு உண்டு. தென்னிந்தியாவில், குறிப்பாகத் தென் கர்நாடகத்தில், தலையில் வெந்நீர் ஊற்றினால் வரும் ஒரு வகை வலிப்பு மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த நோய். அதனோடு இது குழம்பும். இதைத் தனியாகப் பிரித்துக்காட்டவே நரம்பியல் மருத்துவர்கள் 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையும் நம்ப முடியாது. மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தைப் பிராணவாயு ஒட்டிய ரத்தம் என்று எண்ணிக்கொண்டு 98 காட்டும். ரத்தத்தில் கார்பாக்சி ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சாதாரணக் காற்றில் அந்த நஞ்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் மாஸ்க் போட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். நம் ஊரிலிருந்து கரூர் ஒரு பக்கம், நாமக்கல் இன்னொரு பக்கம். இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எழுந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டார் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். சிலருக்கு நாட்கள், வாரங்கள் கழித்து ஞாபக மறதியும் கைகால் நடுக்கமும் வரும்.

கீசரை வெளியே மாற்ற ஆள் கிடைக்க ஒரு வாரம் ஆகலாம். அதுவரை ஒரு வேலையை இன்றைக்கே முடித்துவிடுங்கள். உங்கள் பாத்ரூம் கதவைச் சாத்தித் தாழிட்டு, வெளியிலிருந்து திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் நாளைக் காலையில் முதல் வேலையாகத் தாழ்ப்பாளை மாற்றுங்கள்.